குறைந்த பணத்தில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி: கடலோரத் திடலுக்கு எது தாங்கும்?

கிழக்குத்திடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரில், பள்ளிக்குச் சொந்தமான கால்பந்துத் திடலைப் பராமரிக்கும் பொறுப்பு இந்த ஆண்டு முதல் என் தலையில் விழுந்திருக்கிறது. கோல் கம்பங்களுக்குப் பின்னால் விட்ட இடம், ஆட்டம் பார்ப்பவர்கள் நிற்கும் ஓரம் எல்லாவற்றையும் சேர்த்து அளந்தால் 2 ஏக்கர் வருகிறது. திடலை ஒட்டிப் பள்ளிக்கு 3 ஏக்கர் தென்னந்தோப்பும் உண்டு. தரை மணல், புல் பெரும்பாலும் அருகு, ஓரங்களில் கோரை, வேலியோரம் நெருஞ்சி.

இதுவரை தோளில் மாட்டும் பிரஷ் கட்டரை வைத்து இரண்டு ஆட்கள் இரண்டு நாள் வெட்டி வந்தார்கள். வெட்டி முடித்த திடல் அலை அலையாக மேடும் பள்ளமுமாகத் தெரியும். சென்ற ஐப்பசியில் ஒரு கல் தெறித்து வகுப்பறைச் சன்னல் உடைந்தது. அப்போது உள்ளே பிள்ளைகள் இல்லாதது எங்கள் நல்ல நேரம். அதற்குப் பிறகுதான் பழைய மாணவர்களும் வளைகுடாவில் வேலை பார்க்கும் சபராளிகளும் சேர்ந்து 2,25,000 ரூபாய் திரட்டி, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றை வாங்கும்படி சொல்லியிருக்கிறார்கள்.

மதுரையில் கேட்ட இடத்தில் 38 அங்குல அகலம் வெட்டும் புதிய இயந்திரத்துக்கு 3,15,000 ரூபாய் விலை சொன்னார்கள். மண்டபம் பக்கம் ஒரு விடுதியில் ஐந்து ஆண்டு ஓடிய 42 அங்குல இயந்திரம் 1,70,000 ரூபாய்க்கு இருக்கிறது. அந்தப் பணத்தில் தானாக நகரும் தள்ளு புல்வெட்டிகள் இரண்டு புதிதாகவே வாங்கலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். எது புத்தி என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். தோப்புக்கும் சேர்த்து ஒரே இயந்திரம் போதுமானால் இன்னும் நல்லது.

பச்சைத்தரை எழுதியது:

நான் பதினோரு ஆண்டுகள் தோஹாவில் விடுதித் தோட்டங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் புல் வெட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். குதிரைத்திறனைப் பற்றிக் கடைக்காரர் பேசத் தொடங்கும் முன்பு நீங்கள் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 42 அங்குலம் என்பது 1.07 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் கணக்குப்படி மணிக்கு 5,350 சதுர மீட்டர் வெட்ட வேண்டும். ஆனால் திரும்புவதிலும், முந்தைய தடத்தின் மேல் கொஞ்சம் ஏற்றி ஓட்டுவதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் கைக்கு வருவது ஏறத்தாழ 4,280 சதுர மீட்டர்தான். உங்கள் 2 ஏக்கர் 8,094 சதுர மீட்டர். ஆக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதே கணக்கில் 38 அங்குல இயந்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான். அந்த நான்கு அங்குலத்துக்காக யாராவது கூடுதல் பணம் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

தள்ளு இயந்திரத்தின் கதை வேறு. 21 அங்குல அகலத்தில், மனிதன் நடக்கும் வேகத்தில், அதே திடலுக்கு ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். நடை மட்டும் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். கீழக்கரையில் கிளம்பி இராமநாதபுரம் போய்ச் சேரும் தூரத்தை மணலில், இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் நடக்க வேண்டும். உங்கள் திடலில் அதை நடக்கப் போவது யார், அவருக்கு வயது என்ன என்பதையும் சொல்லுங்கள். ஆண்டுக்கு எத்தனை முறை வெட்டுவீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

வடகடலான் எழுதியது:

இவ்வளவு பணம் எதற்கு? மழை முடிந்ததும் ஒரு கிடை ஆட்டைக் கொண்டுவந்து இரண்டு நாள் விட்டால் புல்லும் குறையும், தரைக்கு எருவும் ஆகும். எங்கள் தேவிபட்டினம் பக்கத்தில் வயலுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

உடற்கல்வி ஆசிரியை எழுதியது:

வடகடலான் அண்ணன் சொல்வது வயலுக்குச் சரி. புழுக்கையில் சறுக்கி விழும் பிள்ளைகளுக்கு மருந்து போடுகிறவள் என்ற முறையில் திடலுக்கு அதை நான் ஏற்க மாட்டேன். ஆடு பிடித்த இடத்தில் மொட்டையாகவும் பிடிக்காத இடத்தில் முழங்கால் உயரமாகவும் விட்டுவிடும். நெருஞ்சியைக் காய்த்த பிறகு தொடவே தொடாது.

கிழக்குத்திடல் எழுதியது:

பச்சைத்தரை காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்), உங்கள் கேள்விகளுக்கு விடை. இயந்திரத்தை ஓட்டப் போகிறவர் எங்கள் காவலாளி, வயது 58. நாங்கள் திடலுக்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் எழும்பும். தை முடியும் வரை வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை வெட்ட வேண்டியிருக்கும். மாசி தொடங்கியதும் புல் காய்ந்து தரையோடு ஒட்டிவிடும். இடையில் கோடை மழை ஏமாற்றாமல் பெய்தால் ஓரிரு முறை. எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பதினைந்து, பதினாறு வெட்டுக்கு மேல் போகாது.

உச்சிப்புளி மெக்கானிக் எழுதியது:

இந்த விடையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பதினாறு வெட்டு, வெட்டுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 32 மணி நேரம். ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் இந்த வகை எஞ்சின்கள் பல நூறு மணி நேரம் ஓடக்கூடியவை. ஆகவே உங்கள் இயந்திரம் ஓடிக் கெடப் போவதில்லை, நின்றுதான் கெடும். நான் விசைப்படகு எஞ்சினும் வெளிப்பொருத்து மோட்டாரும் பார்க்கிறவன். பக்கத்துத் தோப்புகளின் புல்வெட்டிகளும் என்னிடம் வருகின்றன. வருகிற புல்வெட்டிகளில் பாதிக்கு மேல் எட்டு மாதம் கொட்டகையில் சும்மா நின்றவை.

அதில் முதல் எதிரி பெட்ரோல். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. ஆனால் வெளிநாட்டில் செய்யப்படும் புல்வெட்டி எஞ்சின்கள் பலவற்றின் கையேட்டில் 10 விழுக்காடு வரைதான் அனுமதி எழுதியிருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. உறிஞ்சிய ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும், அங்கிருந்து கார்புரேட்டருக்குப் போகும். எஞ்சியிருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போலாகி, கார்புரேட்டரின் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். ஐப்பசியில் முதல் மழைக்குப் பின் கயிற்றை இழுத்தும் சாவியைத் திருகியும் ஓயும்போது என்னிடம் வண்டியில் ஏற்றிக் கொண்டு வருவார்கள்.

இரண்டாவது உப்பு. வெட்டிய புல்லின் ஈரத்தோடு உப்பு மணல் டெக்கின் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டின்) அடியில் அப்பிக்கொண்டு உட்காரும். சுத்தம் செய்கிறேன் என்று கிணற்றுத் தண்ணீரை அடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் கிணறுகளில் பாதி உவர். அது உப்பைக் கழுவ உப்பைப் பூசுகிற வேலை. மரப்பலகைத் துண்டால் சுரண்டி, தேங்காய்நார்த் துடைப்பத்தால் தட்டி, உலர்ந்த பிறகு எண்ணெய்த் துணியால் ஒரு பூச்சுப் பூசினால் போதும். ஒருவர் வள்ளத்துக்குப் பூசுகிற மீனெண்ணெயையே டெக்குக்குப் பூசினார். துரு பிடிக்கவில்லை என்பது உண்மை. ஊரிலிருக்கிற நாய் எல்லாம் அந்தப் புல்வெட்டியைச் சுற்றி நின்றதும் உண்மை.

ஆகையால் புதியதா பழையதா என்பதற்கு முன், அது நிற்கப் போகும் இடம் எது என்பதைத் தீர்மானியுங்கள். கொட்டகைக்குப் பணம் ஒதுக்காமல் மூன்று லட்சத்துக்குப் புதிய இயந்திரம் வாங்கினால், மூன்றாம் ஆண்டில் அதுவும் அந்த விடுதி இயந்திரம் போலத்தான் இருக்கும்.

இருமேனித் தோப்பு எழுதியது:

தோப்புக்கும் திடலுக்கும் ஒரே இயந்திரம் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். நான் அந்தத் தவறைச் செய்தவன். 25 அடிக்கு ஒரு மரம் என்று ஏக்கருக்கு 70 மரம் நிற்கும் தோப்பில் வண்டி நுழைந்து திரும்ப இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தரையில் கிடப்பது புல் மட்டுமா? மட்டை, பாளை, பன்னாடை, குரும்பை, எலி கடித்துப் போட்ட இளங்காய், பழைய மரத்தின் தூர் எல்லாம் புல்லுக்குள் ஒளிந்து கிடக்கும். புல்தரைக்கென்று செய்த பிளேடு ஒரு தூரில் முட்டினால் பிளேடு வளையும்; பிளேடு பிழைத்தால் அதைத் தாங்கும் ஸ்பிண்டில் வளையும். என்னுடையதில் இரண்டும் வளைந்தன.

இப்போது நான் செய்வது இதுதான். மழை முடிந்ததும் ஒரு முறை, கோடை மழைக்குப் பின் ஒரு முறை, டிராக்டரில் ரோட்டரி ஸ்லாஷரை மாட்டி வாடகைக்கு ஓட்டச் சொல்கிறேன். ஸ்லாஷரின் பிளேடு கீலில் தொங்குவதால் முட்டினால் பின்வாங்கிவிடும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைச் சேவையிலும் டிராக்டருக்குப் பதிவு செய்யலாம், தனியாரிடமும் கிடைக்கும். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மட்டும் ஆழமாக விடாதீர்கள், தென்னையின் வேர் மேலாகவே ஓடுகிறது. மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்துக்கு உங்களிடம் இருக்கும் பிரஷ் கட்டரே போதும். அது தேய்ந்துவிட்டது என்றால், பண்ணைக் கருவிகளுக்கு அரசு தரும் 40 முதல் 50 விழுக்காடு மானியத்தைத் தனிப்பட்ட விவசாயிகள் பெறுகிறார்கள். பள்ளிப் பெயரில் உள்ள நிலத்துக்கு விதி எப்படி என்பதை இராமநாதபுரம் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

தோஹாவிலிருந்து எழுதியது:

பணம் அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இங்கே எல்லாரும் நின்ற இடத்தில் சுற்றித் திரும்பும் ஜீரோ டர்ன் இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நேரம் பாதியாகக் குறையும். கொஞ்சம் கூடுதலாகப் பணம் திரட்டி அதையே வாங்கினால் என்ன?

பச்சைத்தரை எழுதியது:

தம்பி, அந்த இயந்திரத்தை நானும் ஆசையோடு ஓட்டியிருக்கிறேன். நாள் முழுக்க, மரங்களும் பூப்பாத்திகளும் நிறைந்த தோட்டத்தை வெட்டுகிறவனுக்கு அது வரம். இங்கே திடல் ஒரு நீள்சதுரம்; ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேராகப் போய்த் திரும்ப வேண்டும். நின்ற இடத்தில் சுற்றும்போது உள்பக்கச் சக்கரம் தரையை அரைக்கும். தோஹாவில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த கெட்டியான புல்தரை அதைத் தாங்கும். மணலில் ஒரு விரற்கடை வேரோடியிருக்கும் நம் அருகு தாங்காது, வட்டம் வட்டமாகப் பெயர்ந்து வரும். விலையும் சாதாரண டிராக்டர் வடிவத்தைவிட அதிகம். 58 வயதுக்காரர் இரண்டு நெம்புகோலுக்குப் பழகுவதும் எளிதல்ல.

கியரா, ஹைட்ரோஸ்டேட்டிக்கா என்ற கேள்வியும் வரும். காவலாளிக்கு ஹைட்ரோஸ்டேட்டிக் நல்லது. மிதித்தால் போகும், எடுத்தால் நிற்கும். ஆனால் விலை குறைந்த இயந்திரங்களில், பின்சக்கரத்தை ஓட்டும் அந்தப் பெட்டி சீல் வைத்தது போல வரும், எண்ணெய் மாற்ற வழி வைத்திருக்க மாட்டார்கள். பழையதை வாங்குகிறவர் அதைச் சூடாக்கிச் சோதிக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இழுக்கும். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு மேட்டில் ஏறத் திணறினால் அதன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வடகடலான் எழுதியது:

பாட்டரியில் ஓடுவது வந்திருக்கிறதே? பெட்ரோல் தொல்லையே இல்லையே?

பச்சைத்தரை எழுதியது:

இருக்கிறது, நல்லதும்கூட. உங்கள் 2,25,000 ரூபாயில் இரண்டு ஏக்கருக்கு உட்கார்ந்து ஓட்டுவது கிடைக்காது.

கிழக்குத்திடல் எழுதியது:

நேற்று மண்டபம் போய் அந்த 42 அங்குல இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் அழகாக இருந்தது. முன்மூடிக்கு அண்மையில் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். மணிமானியில் 412 மணி நேரம். மெக்கானிக் அண்ணன் தொலைபேசியில் சொன்னபடி, நான் போவதற்கு முன்பு எஞ்சினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. எண்ணெய் அளவுக்கோலை உருவி முகர்ந்தேன். எண்ணெய் கறுத்திருந்தது, பெட்ரோல் வாடை இல்லை. இரண்டாவது திருகலில் கிளம்பியது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு தெளிவு. நீலப் புகை வரவில்லை.

அரை மணி நேரம் அவர்கள் புல்வெளியில் ஓட்டினேன். பிறகு வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஏறும் சாய்தளத்தில் ஏற்றினேன்; நடுவில் நிறுத்தி மறுபடி மிதித்தேன்; தயங்காமல் ஏறியது. ஆனால் இருக்கையிலிருந்து எழுந்தால் பிளேடு நிற்க வேண்டுமே, நிற்கவில்லை. இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தால் சுவிட்சின் இரண்டு கம்பியையும் முறுக்கி இணைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தை இரண்டு பேர் தூக்கிக் கட்டையில் ஏற்றினோம். டெக்கின் அடியில் காய்ந்த புல் பாளம் பாளமாக ஒட்டியிருந்தது. 14-ஆம் எண் ஸ்பேனரின் வாலால் தட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் டங் டங் என்று கேட்டது. புல் வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் சத்தம் செத்துப்போய்ப் பொத் என்று விழுந்தது. அந்தப் பாளத்தைப் பெயர்த்ததும் துருவும் சேர்ந்து உதிர்ந்து, என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இடப்பக்க பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் லேசாக ஆட்டம் இருக்கிறது, வலப்பக்கம் கெட்டி. பிளேடு இரண்டும் நுனியில் அரிந்து, பின்பக்க மடிப்புத் தகடு காகிதம் போல மெலிந்திருக்கிறது.

விடுதிக்காரர் 1,70,000 ரூபாயிலிருந்து இறங்கவில்லை. "இந்த ஓட்டையெல்லாம் ஒரு விஷயமா சார்?" என்றார்.

பச்சைத்தரை எழுதியது:

விட்டுவிட்டு வாருங்கள். பாதுகாப்புச் சுவிட்சை முறுக்கிவிட்டவன் வேறு என்னென்ன செய்திருப்பான்? அடியில் ஓட்டை விழுந்த டெக்கிலிருந்து கல் தெறித்தால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் சன்னல் உடைந்த கதையிலிருந்து தப்பத்தான் இயந்திரமே தேடுகிறீர்கள். புதிய டெக் வரவழைத்தால் விலை எங்கோ போய் நிற்கும். இன்னும் ஓராண்டு பணம் சேர்த்துப் புதியதையே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

உச்சிப்புளி மெக்கானிக் எழுதியது:

நான் காக்காவோடு இதில் மட்டும் மாறுபடுகிறேன். பழைய புல்வெட்டியில் விலை உயர்ந்த உறுப்புகள் இரண்டுதான்: எஞ்சின், பின்பக்கப் பெட்டி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கெட்டிருப்பது தகடு. டெக் சுழலும் பொருளல்ல என்பதால் ஒட்டுப் போட்டால் சமநிலை கெடும் என்ற அச்சம் வேண்டாம். ஸ்பிண்டில் உட்காரும் இடத்தில் தகடு நேராகவும் கெட்டியாகவும் இருக்கிறதா என்பது மட்டுமே முக்கியம். துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்துவிட்டு, 3 மில்லிமீட்டர் தகட்டை உள்பக்கம் பிசிறில்லாமல் பற்றவைத்தால், தொழிற்சாலையில் வந்த தகட்டைவிடக் கெட்டியாக இருக்கும். படகுக்கு இரும்பு வேலை செய்கிற பட்டறைகளுக்கு இது ஒரு நாள் வேலை. ஒட்டுப் போட்ட பிறகு வாயை மூடும் திசைமாற்றித் தகட்டையும் மாட்டாமல் ஓட்டக்கூடாது.

ஸ்பிண்டில் ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் பேரிங். பல டெக்குகளில் வருவது 6203 என்ற பொது அளவு. மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் போடுகிற அதே அளவு, இராமநாதபுரத்தில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். பெல்ட்டுக்குத்தான் அசல் உறுப்பு வேண்டும். கார் பெல்ட்டைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள், வழுக்கி எரியும். சுவிட்சை மீண்டும் சரியாக இணைப்பது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் காவலாளி கையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பிளேடின் பின்மடிப்பு மெலிந்தது துருவால் அல்ல, மணலால். மடிப்பு உயரமாக உள்ள பிளேடு காற்றை வேகமாக மேலிழுக்கும். ஈரமான களித்தரையில் அது புல்லை நிமிர்த்தி அழகாக வெட்டும். மணல்தரையில் அதே காற்று மணலையும் இழுத்து, பிளேடையும் டெக்கையும் உள்ளிருந்தே அராவிவிடும். மாற்றும்போது மடிப்பு தாழ்ந்த பிளேடு என்று கேட்டு வாங்குங்கள். அது கிடைக்க இரண்டு வாரம் ஆனாலும் காத்திருக்கலாம்.

என் கணக்கில் அதன் இன்றைய விலை 1,20,000 ரூபாய். அந்த ஓட்டையின் படத்தை எடுத்து, தச்சரின் முழக்கோல் ஒன்றை அருகில் வைத்துக் காட்டி, இந்த விலைக்கு வந்தால் நாளையே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பங்குனி பிறந்தால் அவர்களுக்கும் அது இடத்தை அடைக்கும் இரும்புதான்.

உடற்கல்வி ஆசிரியை எழுதியது:

எதை வாங்கினாலும் வெட்டும் உயரத்தை ஓட்டுபவரின் கையில் விடாதீர்கள். எங்கள் பள்ளியில் அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை என்று எண்ணி ஒருவர் அடியோடு மழித்துவிட்டார். அந்த ஆண்டு பொங்கல் போட்டிக்குள் திடல் வெறும் மணலாகி, ஓடும் பிள்ளைகளின் கால் புதைந்து கணுக்கால் சுளுக்கியது. ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 3 அங்குலம் வளர்ந்ததும் 2 அங்குலத்தில் வெட்டினால் அருகு பக்கவாட்டில் படர்ந்து மணலைப் பிடித்துக்கொள்ளும். நெருஞ்சியை மட்டும் பூக்கும்போதே கையால் பிடுங்கிவிடுங்கள். காய்த்த பிறகு இயந்திரம் விட்டால் முள்ளைத் திடல் முழுக்க விதைத்ததாகிவிடும், சக்கரமும் தப்பாது.

வேதாளைக் கரை எழுதியது:

ஒரு வேண்டுகோள். கடலிலிருந்து அவ்வளவு பக்கத்தில் திடல் இருப்பதால் சொல்கிறேன். வண்டி வந்த உற்சாகத்தில் திடலின் எல்லையைத் தாண்டிக் கடல் பக்கம் போய், மணல்மேட்டில் உள்ள இராவணன் மீசையையும் அடப்பங்கொடியையும் வெட்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அவைதான் அந்த மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்தால் அடுத்த ஆடிக் காற்றில் மேட்டு மணல் உங்கள் கோல் கம்பத்துக்குள் வந்து விழும்.

கிழக்குத்திடல் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் பதிவிடாததற்கு மன்னிக்கவும்.

விடுதிக்காரர் முதலில் முறுக்கிக்கொண்டார். ஒன்பதாம் நாள் அவராகவே அழைத்தார். 1,20,000 ரூபாய்க்கு முடிந்தது. குட்டியானை வண்டி வாடகை 3,500, டெக் ஒட்டு 6,000, பேரிங் 1,400, பெல்ட் 4,800, மடிப்பு தாழ்ந்த பிளேடு இரண்டு 5,200, பாட்டரி 3,400, நான்கு சக்கரத்துக்கும் புது டியூபும் உள்ளே ஊற்றும் பஞ்சர் அடைப்பானும் 2,600. ஆக 1,46,900 ரூபாய். கருவேல முள்ளை நினைத்துத்தான் டியூபுக்கு மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தேன். கொட்டகைக்கு 28,000 ரூபாய் ஆயிற்று. சிமெண்ட் தளம், மேலே பனையோலை, காற்று வரும் தென்பக்கம் மட்டும் தகரம். பழைய பிரஷ் கட்டர் உண்மையிலேயே தேய்ந்திருந்ததால் 24,000 ரூபாயில் நான்கு ஸ்ட்ரோக் ஒன்று வாங்கினோம். கையில் 26,100 ரூபாய் மீதி. அதை உறுப்புகளுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். தோப்புக்கு இருமேனி அண்ணன் சொன்னபடி ஸ்லாஷரை வாடகைக்கு ஓட்டியாயிற்று.

பச்சைத்தரை காக்கா, உங்கள் பேச்சைக் கேட்காமல் வாங்கியதற்குக் கோபப்படாதீர்கள். ஒட்டுப் போட்ட பிறகு நீங்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்ததை நான் மறக்கவில்லை. இதுவரை மூன்று முறை வெட்டியிருக்கிறோம். முதல் நாள் இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. மூன்றாம் முறை இரண்டேகால். வெட்டுக்கு ஐந்து லிட்டருக்கும் குறைவாகவே பெட்ரோல் போகிறது. காவலாளி இருக்கையில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, காலை ஆறரைக்கே தொடங்கிவிடுகிறார். எழுந்தால் பிளேடு நின்றுவிடுவது அவருக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது, வருகிறவர்களுக்கெல்லாம் எழுந்து காட்டுகிறார்.

ஒரே கேள்வி பாக்கி. தை கடைசியில் நிறுத்தி வைக்கும்போது என்ன செய்ய வேண்டும்? தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டிவிடலாமா?

உச்சிப்புளி மெக்கானிக் எழுதியது:

தார்ப்பாய் கட்டவே கட்டாதீர்கள். தரையிலிருந்து எழும் ஈரம் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். கடைசி வெட்டு முடிந்த அன்றே, எஞ்சின் சூடாக இருக்கும்போது எண்ணெயை மாற்றிவிடுங்கள். பழைய எண்ணெயை மணலில் ஊற்றாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள். டாங்கியிலுள்ள பெட்ரோலை இறக்கி யாருடைய பைக்குக்காவது ஊற்றிவிட்டு, பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். அதன் பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகையும் திறந்து மூடுங்கள். பாட்டரியைக் கழற்றி அலுவலக அறையில் வைத்து மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். டெக்கைச் சுரண்டி எண்ணெய்த் துணி போடுங்கள், மீனெண்ணெய் வேண்டாம். சக்கரத்தைப் பலகை மேல் நிறுத்துங்கள்.

மேலே பனையோலை என்று எழுதியிருப்பதால் இன்னொன்று. எலி வரும். எஞ்சினின் விசிறி மூடிக்குள் கூடு கட்டினால் காற்று அடைபட்டு எஞ்சின் சூடேறும், கம்பியையும் கடிக்கும். மாதம் ஒரு முறை பாட்டரிக்குச் சார்ஜ் போடும் அன்றே முன்மூடியையும் திறந்து ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கிழக்குத்திடல் எழுதியது:

சொல்லிவிட்டேன் அண்ணன். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை என்று காவலாளியே கொட்டகைத் தகரத்தில் சுண்ணாம்பால் எழுதி வைத்துவிட்டார்.